கொடைப்பாலும் வெப்பமும்

சீகாழித் திருக்குளக் கரையிலே உமையம்மையார் பொற்கிண்ணத்திற் கறந்தளித்த பாலைத் திருஞானசம்பந்தர் உண்டார் எனப் பெரியபுராணம் கூறும். சரவணப் பொய்கையிலே கார்த்திகை மகளிர் அறுவர் முருகப்பெருமானுக்குப் பாலூட்டினர் என்பதும் யாவரும் அறிந்த கதையே. தாயரை ஐவகையாகப் பகுத்தெண்ணிய நம் முன்னோர் அவருள் முலைத்தாய் என ஒருத்தியைத் தனியே வைத்தனர். ஈன்றவளல்லாத ஒருத்தியின் பாலை உண்டு ஒரு குழந்தை வளர்தல் தமிழர்க்குப் புதுமையன்று என்பது இவற்றாற் புலனாகும். புதுமையாவது யாதெனில், முன்பின் அறியாத பெண்களிடமிருந்து பாலைப் பெற்று, சோதித்து, சூடாக்கி, உறையவைத்து, வேறொரு பெண்ணின் குழந்தைக்கு அளந்து ஊட்டும் இக்கால ஏற்பாடே.

இவ்வேற்பாட்டிலே வெப்பம் செய்யும் தொழில் இருதலைப்பட்டது. கிருமியைக் கொல்லும் அதே சூடு, கிருமியைத் தடுத்தற்கென இயற்கை பாலில் அமைத்த பொருள்களையும் தாக்குகின்றது. எவற்றை எவ்வளவு தாக்குகின்றது, எவற்றைத் தீண்டாது விடுகின்றது, எஞ்சியது குழந்தைக்குப் போதுமா என்னும் வினாக்கள் ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியனவல்ல. ஓர் உயிர் பிழைத்தலும் பிழையாமையும் சில வேளைகளில் இவற்றுக்கான விடையைப் பொறுத்தனவாகும்.

மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாயைச் சேர்ந்த ஒரு பெண், மாதம் நிறையுமுன்னரே, ஒன்றேகால் கிலோ நிறையுள்ள ஒரு குழந்தையைப் பெற்றாள் என எடுத்துக்கொள்ளலாம். குழந்தை வைத்தியசாலையிலே வெப்பமூட்டிய பெட்டியினுள் கிடக்கின்றது. தாயோ உயர் இரத்த அழுத்தத்தினால் நலிந்திருக்கின்றாள். அவளுக்குப் பால் போதிய அளவு சுரக்கச் சில நாட்கள் செல்லும். அதே விடுதியில் நிறைமாதக் குழந்தையைப் பெற்ற வேறொருத்திக்கோ, தன் குழந்தை குடித்த பின்னரும் பால் மிஞ்சுகின்றது. அப்பாலை அவ்வாறே கொடுக்கலாமா? காய்ச்சிக் கொடுக்கலாமா? இரண்டும் வேண்டாமென்று பால்மாவைக் கரைத்து ஊட்டலாமா? பசுப்பாலையும் ஆட்டுப்பாலையும் காய்ச்சாமற் குடித்தலாகாது என வாழ்நாள் முழுதும் பழகிய அம்மம்மா, காய்ச்சிக் கொடுப்பதே தக்கது என்பாள். அவள் கருத்தைப் பேதைமையென்று தள்ளுவதற்கில்லை. ஆனால், தாய்ப்பாலைப் பொறுத்தவரை அது பிழையான முடிபாகும். ஏன் பிழை என்பதை அறிதற்குப் பாலிலே என்னென்ன காவற்பொருள்கள் உள்ளன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கருவிலிருக்கும் குழந்தைக்குத் தாயின் இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தின் வழியே செல்கின்றன. அவற்றுட் பெரும்பகுதி கருக்காலத்தின் கடைசி மூன்று மாதங்களிலேயே செல்லும். ஆதலின், மாதம் நிறையாது பிறந்த குழந்தை அச்சீதனத்தைப் பெறாமலே உலகுக்கு வந்துவிடுகின்றது. அதன் தோல் மெல்லியது. குடலின் உட்சுவர் முதிராதது. நிறைமாதக் குழந்தைக்குப் பால் உணவாயின், இதற்கு அது உணவும் அரணும் ஆகின்றது.

அவ்வரணில் முதலில் வைத்து எண்ணத்தக்கது இமியூனோகுளோபுலின் ஏ என்னும் பிறபொருளெதிரி. தாயின் குடலிலும் சுவாசப்பாதையிலும் எக்கிருமி புகுகின்றதோ அக்கிருமியை அடையாளங் கண்ட கலங்கள் அங்கிருந்து புறப்பட்டு மார்பகத்தை அடைந்து, அதற்கேற்ற பிறபொருளெதிரியைப் பாலிற் சேர்க்கின்றன. ஓலைத்தொடுவாயின் கிணற்று நீரிலும் முற்றத்து மணலிலும் மீன் உலர்த்தும் வாடியிலும் உள்ள கிருமிகளுக்கு எதிரான காவலை, அவ்வூரில் வாழும் தாயின் பாலே செம்மையாகக் கொண்டிருக்கும். இப்பொருள் குழந்தையின் வயிற்றிலே எளிதிற் செரித்து அழிந்துபோகாதவாறு ஒரு துணைப்புரதத்தினாற் போர்க்கப்பட்டுள்ளது. அது குடலின் உட்சுவரிற் படர்ந்து, கிருமிகள் அங்கே ஒட்டாதபடி தடுக்கின்றது.

இரண்டாவது லக்ரோபெரின். பற்றீரியாக்கள் பெருகுவதற்கு இரும்பு இன்றியமையாதது. லக்ரோபெரின் பாலிலுள்ள இரும்பை இறுகப் பற்றிக்கொண்டு பற்றீரியாக்களைப் பட்டினி போடுகின்றது. மூன்றாவது லைசோசைம் என்னும் நொதியம்; அது பற்றீரியாவின் புறச்சுவரையே அறுத்துவிடும். பெனிசிலினைக் கண்டறிந்து பெரும்புகழ் பெற்ற அலெக்சாண்டர் பிளெமிங், அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1922இல், கண்ணீரிலும் மூக்குச் சளியிலும் இந்நொதியம் இருப்பதை உலகுக்கு அறிவித்தார். பசுப்பாலில் உள்ளதைக் காட்டிலும் தாய்ப்பாலில் இது பன்மடங்கு மிகுதியாகும். இவையன்றி, உயிருள்ள வெண்குருதிக்கலங்களும் பாலில் உண்டு. கொழுப்பைச் செரிக்கச் செய்யும் ஒரு நொதியமும் பாலோடு கூடவே வருகின்றது. குழந்தையின் சொந்தச் செரிமானச் சுரப்பிகள் முதிரும்வரை அது பெருந்துணையாகும்.

இன்னொரு பொருளும் குறிப்பிடத்தக்கது. தாய்ப்பாலிலே நூற்றுக்கு மேற்பட்ட வகையினவாகிய சிறுதொடர்ச் சர்க்கரைகள் உள்ளன. பாலின் திண்பொருள்களில் பாற்சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக மிகுதியானவை இவையே. ஆயினும் குழந்தையால் இவற்றைச் செரிக்க இயலாது! செரிக்கவியலாத ஒன்றைத் தாயின் உடல் ஏன் இத்துணை வருந்தி ஆக்குகின்றது என ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் வியந்தனர். இவை குழந்தைக்கு உணவல்ல. குழந்தையின் குடலில் வாழும் நன்மை செய்யும் பற்றீரியாக்களுக்கு உணவு. மேலும், குடற்சுவரில் ஒட்ட வரும் தீய கிருமிகள் குடற்சுவரென மயங்கி இச்சர்க்கரைகளிற் பற்றிக்கொண்டு வெளியேறிவிடுகின்றன.

இவற்றின்மேல் வெப்பம் எவ்வாறு தொழிற்படுகின்றது? புரதம் என்பது நீண்டதொரு நூல் குறித்த வடிவில் மடிந்து சுருண்டிருத்தல் போன்றது. வடிவமே அதன் தொழிலுக்கு ஆதாரம். சூடு ஓர் எல்லையைத் தாண்டியதும் மடிப்புகள் அவிழ்கின்றன. முட்டையின் வெண்கரு கொதிநீரில் வெளுத்து இறுகுவது இதனாலேயே. இறுகியது பின்னர் ஆறினாலும் பழைய நிலையை அடைவதில்லை. ஆனால் எல்லாப் புரதங்களும் ஒரே சூட்டில் அவிழ்வதில்லை. சர்க்கரைகளுக்கோ இத்தகைய மடிப்பே இல்லை. சூட்டின் அளவு, அது நிலைத்த நேரம் ஆகிய இரண்டும் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கின்றன. கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி வார்ப்போர் இதனைப் பிறர் சொல்லக் கேட்டு அறிய வேண்டியதில்லை. தாச்சியை இறக்கும் பதம் சற்றே தவறினால் வேறு பண்டமாகிவிடும் என்பது அவர்கள் கையறிந்த உண்மை.

கொடைப்பாலுக்கு உலகெங்கும் வழங்கும் பதம் 62.5 பாகை செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் என்பதாகும். ஹோல்டர் முறை என இதனைக் கூறுவர். இது ஓர் அறிஞரின் பெயரன்று. பாலை ஒரே சூட்டில் நிறுத்திவைத்தல் என்னும் பொருள்பற்றி ஆங்கிலத்திற் பிறந்த பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே லூயி பாஸ்ரர் திராட்சை மதுவைக் கெடாது காத்தற்குக் கண்ட வழி, பின்னர் பசுப்பாலுக்கு ஏற்கப்பட்டு, அங்கிருந்து தாய்ப்பாலுக்கும் வந்தது. பால் நிரப்பிய போத்தல்களைச் சூடான நீர்த்தொட்டியில் அமிழ்த்துவர். ஒரு போத்தலினுள் வெப்பமானி இருக்கும். நீர் சூடேறிய நேரத்திலிருந்தன்று, பாலே 62.5 பாகையை அடைந்த நேரத்திலிருந்தே அரைமணி எண்ணப்படும். முடிந்தவுடன் விரைந்து குளிரச் செய்து, ஒரு சிறுபகுதியைக் கிருமிச் சோதனைக்கு அனுப்பி, ஏனையதைச் சுழியத்துக்குக் கீழ் 20 பாகையில் உறையவைப்பர். பெரிய போத்தலாயின் உட்பால் சூடேறவும் ஆறவும் நேரம் செல்லும். அந்நேரமும் காவற்பொருளின் அழிவுக்கணக்கிற் சேரும். சிறிய போத்தல்களைத் தெரிந்தெடுப்பதன் காரணம் இதுவே.

1977ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெடிங் நகரை அடுத்த பாற்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஃபோர்ட் என்பாரும் அவர் துணைவரும், தாய்ப்பாலைப் பல்வேறு சூடுகளுக்கு உட்படுத்தி அதன் காவற்பொருள்களை அளந்தனர். ஹோல்டர் முறைக்குப் பின் இமியூனோகுளோபுலின் ஏ ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தது. பாலிற் சிறிதளவே உள்ள இமியூனோகுளோபுலின் எம் முற்றாக அழிந்தது. லக்ரோபெரின் பெரிதும் பாதிக்கப்பட்டது. லைசோசைம் அச்சூட்டைத் தாங்கி நின்றது. ஆனால் சூடு ஏறஏறக் குறைந்து, 100 பாகையில் ஏறத்தாழ முழுவதும் அழிந்தது. பின்வந்த ஆராய்ச்சிகளிலே அளவுகள் கூடியும் குறைந்தும் காணப்படுகின்றன. லைசோசைமும் ஓரளவு குறைகின்றது எனக் கண்டோர் பலர். அளக்கும் முறையும் போத்தலின் பருமனும் வேறுபடுவதால் இவ்வேறுபாடு நேர்கின்றது. எனினும் பொதுப்போக்கு மாறவில்லை: இமியூனோகுளோபுலின் ஏயின் பெரும்பகுதி எஞ்சுகின்றது, லக்ரோபெரினின் பெரும்பகுதி போய்விடுகின்றது.

உயிருள்ள கலங்கள் ஒன்றும் எஞ்சுவதில்லை. கொழுப்பைச் செரிப்பிக்கும் நொதியம் முற்றாகச் செயலிழக்கின்றது; அதனாற் குறைமாதக் குழந்தை கொழுப்பை உறிஞ்சும் அளவும் குறைகின்றது. உயிர்ச்சத்து சீ ஒரு பகுதி குறையும். மறுபுறத்திலே, மேற்கூறிய சிறுதொடர்ச் சர்க்கரைகள் சிறிதும் குறைவதில்லை. குடற்சுவரின் வளர்ச்சியைத் தூண்டும் காரணிகள் சிலவும் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. பாற்சர்க்கரையும் தாதுக்களும் அவ்வாறே. கோட்டைக்கு ஒப்பிட்டுச் சொல்லின், காவலர் பலர் வீழ்ந்தனர். ஆனால் மதிலும் அகழியும் நிற்கின்றன.

கொதிக்கவைத்தால் நிலைமை வேறு. பிறபொருளெதிரிகளும் லக்ரோபெரினும் லைசோசைமும் ஒருங்கே அழிகின்றன. பசுப்பாலிலே கன்றுக்கென அமைந்த காவற்பொருள் மனிதக் குழந்தைக்குப் பெரும்பயன் தருவதன்று. ஆதலின் அதனைக் கொதிக்கவைப்பதால் நாம் இழப்பது சிறிது, கிருமிநீக்கத்தால் பெறுவது பெரிது. தாய்ப்பாலிலோ இழப்பதே பெரிது. அம்மம்மாவின் முடிபு பிழைத்தது இவ்விடத்திலேதான்.

அப்படியாயின் சூடே வேண்டாம், பச்சையாகவே கொடுத்துவிடலாம் என்று ஒருவர் கூறலாம். நோர்வே நாட்டில் அவ்வாறு செய்கின்றனர். அங்கே கொடையாளரின் இரத்தத்தையும் பாலையும் நுணுகிச் சோதித்து, சூடாக்காத பாலையே பல வைத்தியசாலைகளிற் குழந்தைகளுக்கு ஊட்டுகின்றனர். அது குளிர்நாடு, கறந்த நிமிடம் முதல் ஊட்டும் நிமிடம் வரை குளிர்சங்கிலி அறாத நாடு. ஏனைய நாடுகள் அத்துணிவு கொள்ளாமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1909இல் வியன்னாவில் முதலாவது தாய்ப்பால் வங்கி தொடங்கிற்று. அதன்பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வங்கிகள் பெருகின. 1985இல், எயிட்ஸ் நோயை விளைக்கும் எச்.ஐ.வி என்னும் வைரசு தாய்ப்பால் வழியாகவும் தொற்றக்கூடும் என்பது வெளியாயிற்று. அச்சத்தினாற் பல வங்கிகள் மூடப்பட்டன. பின்னர், ஹோல்டர் முறையில் அவ்வைரசு செயலிழக்கின்றது என்பது உறுதியானதும் வங்கிகள் மீண்டும் திறந்தன. சைற்றோமெகலோ வைரசு, காசநோய்க் கிருமி, கறக்குங்கால் கையிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் சேரும் பற்றீரியா ஆகியனவும் அச்சூட்டிற்குத் தப்புவதில்லை. தப்புவன சில பற்றீரியாக்களின் வித்திகளே. அவை காணப்பட்ட பால் கொட்டப்படும்.

இலங்கையில் தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் தொற்றுதல் ஒழிக்கப்பட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பெருமைக்குரிய செய்தியே, எனினும், யாருடைய பால் யாருக்கும் செல்லக்கூடிய ஓர் ஏற்பாட்டிலே கொடையாளரின் இரத்தச் சோதனையையும் சூடாக்குதலையும் விட்டுவிட அது காரணமாகாது.

சூட்டினால் விளையும் இழப்பு குழந்தையின் உடலில் எவ்வாறு வெளிப்படுகின்றது என்பதே அடுத்த வினா. சோதனைக்குழாயில் ஒரு பொருள் குறைந்தமையால் மட்டும் குழந்தை நோயுற்றுவிடும் எனக் கூறவியலாது. இதற்கு நேரிய விடை தந்த ஆராய்ச்சிகளுள் ஒன்று புது தில்லியில் நிகழ்ந்தது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. இந்திரா நாராயணன் என்னும் குழந்தைநல வைத்தியரும் அவர் துணைவரும் நிறைகுறைந்த, நோய்வாய்ப்படக்கூடிய 226 குழந்தைகளைக் குறிப்பின்றி நான்கு கூட்டமாகப் பிரித்தனர். முதற் கூட்டத்துக்குப் பச்சைத் தாய்ப்பால்; இரண்டாவதற்கு ஹோல்டர் முறையிற் சூடாக்கிய தாய்ப்பால்; மூன்றாவதற்குப் பச்சைத் தாய்ப்பாலும் பால்மாவும்; நான்காவதற்குச் சூடாக்கிய தாய்ப்பாலும் பால்மாவும். முடிபு 1984இல் இலண்டனின் லான்செற் என்னும் வைத்திய ஏட்டில் வெளிவந்தது.

பச்சைப்பால் உண்டோரில் நூற்றுக்கு 10.5 பேருக்கும், சூடாக்கிய பால் உண்டோரில் 14.3 பேருக்கும், பச்சைப்பாலோடு பால்மா உண்டோரில் 16 பேருக்கும் நோய்த்தொற்று ஏற்பட்டது. சூடாக்கிய பாலோடு பால்மாவும் உண்டோரிலோ அது 33.3 ஆக உயர்ந்தது. முதல் மூன்று எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிது. இத்துணைச் சிறிய தொகையில் அது தற்செயலாகவும் நேரலாம். நான்காவது எண் அவ்வாறன்று. சூடு மட்டும் பட்டபோது பால் பெரிதும் தளரவில்லை. பச்சைப்பால் மட்டும் இருந்தபோது பால்மா சேர்ந்தும் பெருங்கேடு விளையவில்லை. தளர்ந்த பாலோடு பால்மாவும் சேர்ந்தபோதே அரண் உடைந்தது. சூட்டினால் நேரும் இழப்பு மெய்யானதே என்பதையும், அவ்விழப்பு எவ்விடத்தில் உயிரைத் தொடும் என்பதையும் இவ்வொரு சோதனை ஒருங்கே காட்டுகின்றது. பால் வங்கிகளைப்பற்றி எழுதுவோர் இதன் இரண்டாவது எண்ணை மட்டும் எடுத்துக்காட்டி நான்காவதை விட்டுவிடுவது முறையன்று.

குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் வேறொரு கொடிய நோயும் உண்டு. குடற்சுவர் அழுகிச் சிதையும் அந்நோயினால் பல குழந்தைகள் இறக்கின்றன. பிழைத்தவற்றுக்கும் குடலின் பகுதியை வெட்டியெடுக்க நேரும். 1990இல் இங்கிலாந்தில் லூகஸ், கோல் என்னும் இருவர் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து, பால்மா மட்டும் உண்டோரில் இந்நோய் தாய்ப்பால் மட்டும் உண்டோரைக் காட்டிலும் ஆறு முதற் பத்து மடங்கு மிகுதியெனக் கண்டனர். சூடாக்கிய கொடைப்பாலும், பெற்ற தாயின் பச்சைப்பாலைப் போன்றே இந்நோயைத் தடுப்பதாகத் தோன்றிற்று. 2016இல் வெளியான கனடா நாட்டு ஆராய்ச்சியிலும், தாயின் பால் போதாத மிகச்சிறு குழந்தைகளுட் கொடைப்பால் பெற்றோரில் நூற்றுக்கு 1.7 பேருக்கும், பால்மா பெற்றோரில் 6.6 பேருக்கும் இந்நோய் கண்டது. சூட்டிற் சிதையாத சர்க்கரைகள் இக்காவலில் பெரும்பங்கு கொள்கின்றன என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். ஆனால் அதே ஆராய்ச்சியில் பதினெட்டாம் மாதத்தில் அளந்த அறிவுவளர்ச்சியிலே இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. கொடைப்பால் உண்ணும் குழந்தைகளின் நிறை சற்று மெதுவாகவே ஏறும் என்பதும் பல ஆராய்ச்சிகளின் முடிபு. கொடைப்பாலை அமுதமென்று மட்டும் புகழ்ந்து இவற்றை மறைத்தல் தகாது.

மெதுவாக நிறை ஏறுவதற்குச் சூடு ஒன்றே காரணமென்று கொள்வதும் பிழை. பால் கொடுப்போர் பெரும்பாலும் நிறைமாதக் குழந்தையைப் பெற்று, வாரங்கள் பல சென்ற தாய்மார். அவர்களுடைய பாலில், குறைமாதத் தாயின் முதல்நாட் பாலிலுள்ள அளவு புரதமும் பிறபொருளெதிரியும் இயல்பாகவே இல்லை. உறையவைத்தலே உயிர்க்கலங்களைக் கொன்றுவிடும். ஒரு பாத்திரத்திலிருந்து மறுபாத்திரத்துக்கு ஊற்றுந்தோறும், குழாய்வழியே ஊட்டுந்தோறும் கொழுப்பு பக்கங்களில் ஒட்டிக்கொள்ளும். இத்தனை குறைகளின்மேல் இறுதியாக வந்து சேர்வதே வெப்பத்தின் குறை.

மன்னார் போன்ற வெம்மையான கரைநாட்டிலே கருதவேண்டிய வேறொன்றும் உண்டு. பச்சைத் தாய்ப்பால் கறந்த பின்னும் சில மணிநேரம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். அதனுட் புகுந்த பற்றீரியா உடனே பெருகுவதில்லை. சூடாக்கிய பாலில் அவ்வாற்றல் குறைந்துவிடுகின்றது. சூடாக்கியபின் தூய்மையற்ற ஒரு கரண்டி அதிற் பட்டால், பச்சைப்பாலிலும் விரைவாக அதிலே கிருமி பெருகும். ‘காய்ச்சியதுதானே’ என்னும் நம்பிக்கையில் மேசைமேல் விட்டுவைக்கும் பால், காய்ச்சாத பாலிலும் கேடானது. மின்தடைப்படும் ஊரில் உறைபெட்டிக்கு மாற்றுமின் இன்றிப் பால் வங்கி நடத்த இயலாது.

ஆய்வுகூடக் கருவிகள் எட்டாத இடங்களுக்கெனச் சமையலறை வழிகள் இரண்டை ஆபிரிக்க நாடுகளில் ஆராய்ந்துள்ளனர். ஒன்று தென்னாபிரிக்காவின் பிரிற்றோரியா நகர்ப்பெயரால் வழங்குவது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, பால் நிரம்பிய கண்ணாடிப் போத்தலை அதனுள் நிறுத்துவர். பால் 56 முதல் 62 பாகை வரையிலான சூட்டிலே சில நிமிடங்கள் நிற்கும். மற்றது, போத்தலைத் தண்ணீரோடு சேர்த்தே அடுப்பில் வைத்து, தண்ணீர் கொதித்தெழுந்த கணத்திலேயே வெளியே எடுப்பது. அப்போது பால் 73 பாகையளவைத் தொட்டு மீளும். இவ்விரு வழிகளும் எச்.ஐ.வி உள்ள தாய் தன் பாலைத் தன் குழந்தைக்கே கொடுத்தற்பொருட்டுக் காணப்பட்டவை. நேரே அடுப்பிற் கொதிக்கவைப்பதைக் காட்டிலும் காவற்பொருளை மிகுதியும் காப்பவை. ஆயினும், அடுத்த வீட்டுப் பெண்ணின் பாலைச் சோதனையின்றி வாங்கி வீட்டிற் சூடாக்கிக் கொடுக்கலாம் என்பதற்கு இவை உரிமைச்சீட்டாகா. 72 பாகையில் 15 விநாடி சூடாக்குதல், சூடின்றியே மிகுந்த அழுத்தத்தினாற் கிருமியைக் கொல்லுதல் முதலிய புதுமுறைகளும் ஆராயப்பட்டு வருகின்றன. அவற்றுட் சில, பிறபொருளெதிரியை ஹோல்டர் முறையினும் நன்கு காக்கின்றன.

ஆசியாவின் முதலாவது தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பாயிலே, தமிழர் பலர் வாழும் தாராவிக்கு அண்மையிலுள்ள சயன் வைத்தியசாலையில், அர்மிடா பெர்னாண்டஸ் என்னும் வைத்தியரின் முயற்சியால் எழுந்தது. தமிழ்நாட்டிலே 2014இல் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் வைத்தியசாலை உள்ளிட்ட அரசினர் வைத்தியசாலைகள் சிலவற்றில் இவ்வங்கிகள் திறக்கப்பட்டன. 2017இல் இந்திய அரசு இவற்றுக்கு நெறிமுறை வகுத்தது. கொடை விற்பனையாக மாறும் ஆபத்தும் உடன்வந்தது. தாய்ப்பாலைப் பதப்படுத்தி விற்பது சட்டத்துக்கு ஒவ்வாதது என 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. ஏழைத்தாய் தன் குழந்தையின் பங்கை விற்க நேரும் நாள் வாராமலிருத்தல் பாலின் சூட்டைக் காட்டிலும் முதன்மையான கேள்வி.

மன்னார்த் தீவிலே சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். இஸ்லாமிய நெறிப்படி ஒரு பெண்ணிடம் பாலுண்ட குழந்தைகள் உடன்பிறந்தாராவர். அவரிடையே மணம் கூடாது. பலர் பாலை ஒன்றாகக் கலந்துவிட்டால் யார் யாருக்கு உடன்பிறப்பு என்பது தெரியாமற் போகும். 1985இல் ஜித்தாவிற் கூடிய இஸ்லாமியச் சட்ட அறிஞர் பேரவை இக்காரணம்பற்றியே பால் வங்கிகளை ஏற்க மறுத்தது. இவ்விடரைத் தீர்க்க வழி இல்லாமலில்லை. ஒருத்தியின் பாலைப் பிறர் பாலோடு கலவாது தனிப்போத்தலில் வைத்து, கொடுத்தவர் பெயரையும் பெற்ற குழந்தையின் பெயரையும் இரு குடும்பத்தாரும் அறியப் பதிந்துகொள்ளுதல் சில நாடுகளிற் கைக்கொள்ளப்பட்ட முறை. ஆறு தாயர் பாலையும் ஒருங்கே உண்ட முருகனின் கதையைக் கேட்டு வளர்ந்தோர், அயலவரின் இத்தயக்கத்தைச் சிறிதென எண்ணலாகாது. பாலைக் கலவாமைக்கு வைத்தியமுறையிலும் ஒரு பயன் உண்டு: கெட்ட பால் ஒன்று கண்டால் யாருடையதென உடனே அறியலாம்.

இனி, முதலிற் கூறிய விடுதிக்கு வரலாம். இலங்கையில் 2016இல் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பாலை மட்டுமே உண்டனர். ஆதலின், கொடுக்கக்கூடிய தாய்மாருக்குக் குறைவில்லை. சோதித்துச் சூடாக்கிய கொடைப்பால் கிடைக்குமாயின், அவ்வொன்றேகால் கிலோக் குழந்தைக்குப் பால்மாவினும் அது நல்லது. தில்லிச் சோதனையின் நான்காவது எண்ணை நினைவிற்கொண்டு, அதனோடு பால்மாவைக் கலந்தூட்டுவதை இயன்றவரை தவிர்த்தல் வேண்டும். ஆனால் வரிசையில் முதலிடம் பெற்ற தாயின் பாலுக்கே உரியது. அதனைச் சூடாக்க வேண்டியதில்லை, சூடாக்குதலும் ஆகாது.

நலிந்திருக்கும் தாய்க்கும் முதல் ஒருசில மணிக்குள்ளேயே தாதியர் கையாற் பால் கறக்கக் கற்பிக்கலாம். நாளொன்றுக்கு எட்டு முறையேனும், இரவிலும் ஒருமுறை தவறாது கறந்துவரின், சுரப்பு ஓரிரு வாரத்திற் பெருகும். முதல் நாட்களிற் கிடைப்பது சில துளி மஞ்சள்நிறச் சீம்பாலாகவே இருக்கும். இமியூனோகுளோபுலின் ஏயும் லக்ரோபெரினும் உயிர்க்கலங்களும் வேறெப்பாலிலும் இல்லாத அளவுக்குச் செறிந்த பால் அதுவே. விழுங்கவும் இயலாத குழந்தையாயின், அத்துளிகளைச் சிறிய பீச்சாங்குழலில் எடுத்துக் கன்னத்தின் உட்புறத்தில் தடவிவிடுவர். எஞ்சிய பசிக்குக் கொடைப்பால் ஊட்டப்படும். தாயின் பால் பெருகப்பெருக அதன் அளவு நாள்தோறும் குறைக்கப்படும்.